தாயமும் தகவும்

‘திருநெல்வேலி மாவட்டத்தின் மலையோரப் பகுதிகளில் நாளை கனமழைக்கு வாய்ப்பு உண்டு’ என்று ரேடியோவில் அறிவிக்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கல்லிடைக்குறிச்சியில் இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்பவர் பல திறத்தினர். அப்பளம் இட்டு விற்கும் வீட்டில், நாளைக்கு உளுந்து மாவு பிசைவதா வேண்டாமா என்று யோசனை நடக்கிறது. கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் பிசானத்துக்கு நடவு செய்தவர், வயலில் நிற்கும் தண்ணீரை இன்றே வடித்து விடலாமா என்று எண்ணுகிறார். ஆற்றங்கரைக்குச் சமீபத்தில் குடியிருப்பவரோ, “வாய்ப்பு உண்டு என்றுதானே சொன்னார்கள்? வரும் என்று சொல்லவில்லையே!” என்று சொல்லிவிட்டுப் படுத்து உறங்கி விடுகிறார்.

மூவர் காதிலும் விழுந்த சொல் ஒன்றே. மூவரும் அதற்குக் கொண்ட பொருள் மூன்று. இதில் அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ‘வாய்த்தல்’ என்றால் நன்றாக அமைதல், கிட்டுதல் என்று பொருள். நல்ல மருமகள் வாய்த்தாள் என்கிறோம். படிக்கும் வாய்ப்புக் கிடைத்தது என்கிறோம். கோடையில் வாடும் பயிருக்கு ‘மழை வாய்ப்பு’ என்றால் கேட்கவே இனிக்கிறது. ஆனால் கரை புரளும் தாமிரபரணியைக் குறித்து ‘வெள்ளத்துக்கு வாய்ப்பு’ என்னும்போது, ஏதோ லாட்டரிச் சீட்டில் பரிசு விழப் போகிறது என்பதுபோல் அல்லவா தொனிக்கிறது?

பள்ளிக்கூடத்துக் கணிதப் புஸ்தகத்தில் இதற்கு வேறொரு சொல் இருக்கிறது. ‘நிகழ்தகவு’ என்பது அது. தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகளும் அதைப் படித்துப் பரீட்சையும் எழுதுகிறார்கள். பரீட்சை முடிந்ததும் சொல்லைப் புஸ்தகத்துக்குள்ளேயே வைத்து மூடி விடுகிறார்கள். இங்கிலீஷில் ‘பிராபபிலிட்டி’ என்று வழங்குவதற்கு நேரான சொல் இது. இவ்விரண்டு சொற்களின் பிறப்பையும் இந்த வாரம் சற்று ஆராய்ந்து பார்ப்போம். அதனால் அப்பள வீட்டுக்கும் ஆற்றங்கரை வீட்டுக்கும் கொஞ்சம் பிரயோஜனம் உண்டு என்பது பின்னால் விளங்கும்.

இங்கிலீஷ்ச் சொல்லின் தாய் லத்தீன் பாஷையில் இருக்கிறாள். ‘புரோபாரே’ என்னும் லத்தீன் வினைக்குச் சோதித்துப் பார்த்தல், நன்றென ஒப்புதல், மெய்ப்பித்தல் என்று பொருள். ‘புரோபுஸ்’ என்றால் நல்லவன், யோக்கியன். இந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் நம்முடைய வீடுகளில் நெடுநாளாகப் பழகி வருகிறார்கள். தாத்தா எழுதி வைத்த உயிலை மெய்யென நிலைநாட்டக் கோர்ட்டில் ‘புரொபேட்’ வாங்குகிறோம். பையன் உத்தியோகத்தில் சேர்ந்தால் முதலில் ‘புரொபேஷன்’, அதாவது தகுதியைச் சோதிக்கும் காலம். குற்றத்தில் கூட இருந்தவனே சர்க்கார் பக்கம் திரும்பிச் சாட்சி சொன்னால் அவனுக்குப் பெயர் ‘அப்ரூவர்’. இத்தனையும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்தாம்.

‘புரோபாரே’ என்பதோடு ஒரு விகுதி சேர்ந்து ‘புரோபாபிலிஸ்’ ஆயிற்று. அதைத் தமிழில் அப்படியே பெயர்த்தால் ‘ஒப்பத் தக்கது’ என்று வரும். ரோமாபுரியின் பெரிய வக்கீலும் பிரசங்கியுமான சிஸெரோ, கிரேக்கத் தத்துவ ஞானிகளின் கருத்துக்களைச் சொல்லும்போது இந்தச் சொல்லை எடுத்து ஆண்டார். முற்றும் நிச்சயம் என்று சொல்ல முடியாவிட்டாலும், அறிவுள்ளவன் நம்பி நடக்கத் தக்கது எதுவோ அது ‘புரோபாபிலிஸ்’.

ஆகவே ஆதியில் இந்தச் சொல்லுக்கும் எண்களுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. ஒரு கருத்து ‘பிராபபிள்’ என்றால், அது பெரியோர் ஒப்பிய கருத்து என்பதே பொருள். நம் நாட்டு நியாய சாஸ்திரம் ‘ஆப்த வாக்கியம்’ என்று சொல்லுவதை இதற்குச் சமமாகக் கருதலாம். 1577-ம் வருஷத்தில் ஸ்பெயின் தேசத்தில் மெடீனா என்னும் பாதிரியார், ஒரு கருத்து ஒப்பத் தக்கதாயிருந்தால், அதற்கு எதிரான கருத்து அதைவிட ஒப்பத் தக்கதாயிருந்தாலும், முன்னதைப் பின்பற்றலாம் என்று எழுதினார். அதைப் பிடித்துக்கொண்டு, எந்தக் காரியத்துக்கும் எங்கேயாவது ஒரு பண்டிதரின் வாக்கைத் தேடிப் பிடித்துச் சமாதானம் சொல்லும் வழக்கம் பெருகிற்று. பாஸ்கல் என்ற பிரெஞ்சு அறிஞர் 1656, 1657-ம் வருஷங்களில் எழுதிய கடிதங்களில் இந்த வழக்கத்தைக் கிழி கிழியென்று கிழித்தார்.

சொல்லின் இந்தப் பழைய பொருள் இன்னும் சாகவில்லை. நம்முடைய நியாய ஸ்தலங்களில் அது உயிரோடு இருக்கிறது. 1872-ம் வருஷத்து இந்தியச் சாட்சியச் சட்டம் ‘மெய்ப்பிக்கப்பட்டது’ என்பதற்கு இலக்கணம் சொன்னபோது கணக்கு எதுவும் கேட்கவில்லை. விவேகமுள்ள ஒருவன் அது உண்மை என்று கொண்டு காரியம் செய்யும் அளவுக்கு அது நம்பத் தக்கதாயிருந்தால் போதும் என்றது. 2024-ம் வருஷம் ஜூலை முதல் தேதி புதிய சட்டம் அந்தப் பழைய சட்டத்தின் இடத்துக்கு வந்தது. ஆனால் இந்த இலக்கணம் அதிலும் தொடர்கிறது.

திருநெல்வேலிச் சீமைக்கு இது வெறும் ஏட்டுச் சட்டம் அன்று. 1911-ம் வருஷம் ஜூன் 17-ந் தேதி மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷ் துரையைச் சுட்டுவிட்டு, செங்கோட்டை வாஞ்சிநாதன் தன்னையும் மாய்த்துக்கொண்ட பிறகு, சென்னை ஹைக்கோர்ட்டில் பெரிய சதி வழக்கு நடந்தது. அதில் அப்ரூவர்களின் சாட்சியம் முக்கியமான இடம் பெற்றது. கூடச் சதி செய்தேன் என்று தானே சொல்லுகிறவன், தன் தலை தப்புவதற்காக மற்றவர்களைக் காட்டிக் கொடுக்கும்போது அவன் பேச்சு எவ்வளவு தூரம் நம்பத் தக்கது? வேறு ஆதாரம் துணை நின்றால் ஒழிய அத்தகையவன் வார்த்தை நம்பத் தக்கதல்ல என்று கோர்ட்டு கொள்ளலாம் என அந்தப் பழைய சட்டமே சொல்லியிருந்தது. இளைஞர் பலருடைய சிறைவாசம் இந்த ‘நம்பத் தக்க’ என்ற சொல்லின்மீது தொங்கிக்கொண்டிருந்தது. சொற்பொருள் ஆராய்ச்சி வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் இதைச் சற்றுக் கவனிக்க வேண்டும்.

சரி, இந்தச் சொல்லுக்குள் எண் எப்படி வந்து புகுந்தது? சூதாட்டத்தின் வழியாகத்தான்! 1654-ம் வருஷத்தில், மேலே சொன்ன பாஸ்கலும் பெர்மா என்ற கணித வல்லுநரும் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொண்டார்கள். பந்தயம் பாதியில் நின்று போனால் பணத்தை எப்படிப் பிரிப்பது என்பது விஷயம். தங்க நாணயத்தை விட்டுவிட்டு, நம் குழந்தைகள் புளியங்கொட்டையை வைத்துக்கொண்டு ‘ஒற்றையா, இரட்டையா’ விளையாடுவதாகக் கொள்வோம். இருவரும் ஆளுக்கு 32 கொட்டை கட்டுகிறார்கள். முதலில் மூன்று ஆட்டம் ஜயிப்பவருக்கு 64-ம் சொந்தம். அக்காள் இரண்டு ஆட்டமும் தம்பி ஓர் ஆட்டமும் ஜயித்திருக்கும் சமயத்தில், “சாப்பிட வாருங்கள்!” என்று தாயார் கூப்பிட்டு விடுகிறாள். எப்படிப் பங்கிடுவது?

பாஸ்கல் சொன்ன விடை இது. அடுத்த ஆட்டத்தில் அக்காள் ஜயித்தால் 64-ம் அவளுக்கு. தோற்றால் இருவரும் இரண்டுக்கு இரண்டு சமம். ஆகவே 32 அவளுக்கு. எப்படிப் பார்த்தாலும் 32 அவளுடையது என்பது நிச்சயம். மிச்சமுள்ள 32-க்கு இருவருக்கும் சம உரிமை. ஆகவே ஆளுக்குப் பதினாறு. அக்காளுக்கு 48, தம்பிக்கு 16. வராத ஆட்டத்துக்கு இப்போதே விலை கட்டியாயிற்று! நாளைய தினத்தை இன்றைக்கே எடை போடலாம் என்று மனிதனுக்குத் தெரிந்தது இப்படித்தான்.

எட்டு வருஷம் கழித்து, 1662-ல், பாரிஸ் நகரத்துப் போர்ட் ராயல் மடத்தைச் சார்ந்த அறிஞர்கள் ஒரு தர்க்க நூல் வெளியிட்டார்கள். பழைய ‘ஒப்பத் தக்க’ என்ற சொல்லை அவர்கள் அளக்கக்கூடிய ஒன்றாக எடுத்து ஆண்டார்கள். இடி இடித்தால் நடுநடுங்குகிறவர்களைப் பற்றி அதில் பேசுகிறார்கள். ஒரு தீங்குக்கு எவ்வளவு அஞ்ச வேண்டும் என்பதற்குத் தீங்கின் பெருமையை மட்டும் பார்த்தால் போதாது. அது நிகழக்கூடிய அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் கருத்து. ஜேக்கப் பெர்னூயி என்பவர் எழுதி, அவர் காலமான எட்டு வருஷத்துக்குப் பிறகு 1713-ல் அச்சேறிய ‘ஊகக் கலை’ என்னும் நூல் இதை ஒரு சாஸ்திரமாகவே ஆக்கிற்று. நிச்சயம் என்பதை முழு ரூபாயாகக் கொண்டால், நிகழ்தகவு அதில் இத்தனை அணா என்பதே அவர் கருத்தின் சாரம்.

இதெல்லாம் மேனாட்டார் சரக்குத்தானா என்று நேயர்கள் கேட்கலாம். மகாபாரதத்தில் நளன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். தேரில் போகும்போது ருதுபர்ண மகாராஜன் ஒரு தான்றி மரத்தைப் பார்த்து, அதன் இரண்டு கிளைகளில் ஐந்து கோடி இலைகளும் 2,095 பழங்களும் இருப்பதாகச் சொல்லுகிறான். நளன் அதை நம்பாமல் மரத்தைத் தறித்து எண்ணிப் பார்க்கிறான், கணக்குச் சரியாயிருக்கிறது. அந்த வித்தையையும் அதோடு சேர்ந்த சூதின் ரகசியத்தையும் ருதுபர்ணன் நளனுக்குப் போதிக்கிறான். சிறிதைக் கண்டு பெரிதை மதிப்பதும், காய் உருள்வதன் கணக்கும் ஒரே கலையின் இரு முகங்கள் என்று அந்தக் கதையைக் கட்டியவர் அறிந்திருந்தார்! நம் காலத்தில் பேராசிரியர் மகலநோபிஸ் 1931-ல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிலையத்தை நிறுவி, 1933-ல் ‘சாங்க்யா’ என்ற பத்திரிகையையும் தொடங்கினார். சென்னையில் பிறந்து, பிரஸிடென்ஸி கல்லூரியில் படித்து, அந்தக் கல்கத்தா நிலையத்தில் தேர்ச்சி பெற்ற எஸ். ஆர். எஸ். வரதனுக்கு 2007-ல் நார்வே தேசம் அளித்த ஏபெல் பரிசு, நிகழ்தகவுச் சாஸ்திரத்தில் அவர் செய்த ஆராய்ச்சிக்காகவே கிடைத்தது.

இனித் தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். சாஸ்திரங்களைத் தமிழில் சொல்ல முடியுமா என்ற கேள்வியை நம் முன்னோர் வாயால் மட்டும் பேசிக்கொண்டிருக்கவில்லை. 1916-ல் சேலத்தில் ராஜாஜியும் நண்பர்களும் அதற்கென்றே ஒரு பரிபாஷைச் சங்கம் அமைத்துப் பத்திரிகையும் நடத்தினார்கள். பின்னர், திருநெல்வேலி இ. மு. சுப்பிரமணிய பிள்ளை முன்னின்று உழைத்த சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938-ல் ‘கலைச் சொற்கள்’ என்ற பெருந் தொகுதியை வெளியிட்டது. அத்தகைய உழைப்பின் வழியில் வந்தவைதான் இன்றைய பாடப் புஸ்தகச் சொற்கள்.

‘நிகழ்’ என்றால் நடப்பது. ‘தகவு’ என்றால் தகுதி, பெருமை, நடுநிலைமை. தகும், தகாது, தக்கவர், தகைமை எல்லாம் இதன் சுற்றம். வள்ளுவர் நடுவு நிலைமையைப் பற்றிப் பேசும்போதே இந்தச் சொல் குடும்பத்தைக் கையாளுகிறார். லத்தீனில் ‘நல்லவன்’ என்னும் சொல்லும் ‘ஒப்பத் தக்கது’ என்னும் சொல்லும் ஒரே வேரில் கிளைத்தன அல்லவா? தமிழிலும் நல்லோரின் இலக்கணமாகிய தகவே நிகழ்ச்சியின் அளவாகவும் வந்து நிற்கிறது! இதே சாஸ்திரத்துக்கு ஹிந்திப் பாட புஸ்தகங்களில் ‘பிராயிகதா’ என்று பெயர். ‘பிராய:’ என்றால் பெரும்பாலும், அடிக்கடி. ஹிந்திச் சொல், ஒன்று எத்தனை தரம் நடக்கிறது என்று எண்ணுகிறது. தமிழ்ச் சொல், அதை எவ்வளவு தூரம் நம்பத் தகும் என்று கேட்கிறது. இந்தச் சாஸ்திரத்துக்கு உள்ளபடியே இந்த இரண்டு முகங்களும் உண்டு. எது முதன்மையான முகம் என்று மேனாட்டுப் பண்டிதர்கள் இன்னமும் வாதாடி வருகிறார்கள். நம் நாட்டில் இரண்டு பாஷைகள் ஆளுக்கு ஒன்றாகப் பங்கிட்டுக்கொண்டு சமாதானமாயிருக்கின்றன.

இரண்டு முகங்களையும் ஒருங்கே காண வேண்டுமானால் வீட்டுத் தாயக்கட்டையை எடுங்கள். கட்டை இரண்டு, ஒவ்வொன்றிலும் ஒன்று, இரண்டு, மூன்று, வெறுமை என நான்கு பக்கம். சேர்ந்து விழும் வகை நாலு நாலு பதினாறு. ஒரு கட்டையில் ஒன்றும் மற்றதில் வெறுமையும் விழுந்தால் தாயம். அதற்கு இரண்டு வகை உண்டு. ஆகவே கட்டைகள் செம்மையாயிருந்தால் தாயத்தின் நிகழ்தகவு பதினாறில் இரண்டு, அதாவது எட்டில் ஒன்று. இதைக் கேட்டவுடன், “எட்டுத் தரம் உருட்டினால் ஒரு தாயம் நிச்சயம்” என்று முடிவு கட்டுகிறவர் பலர். அப்படியன்று. எட்டுத் தரம் உருட்டியும் தாயமே விழாமற் போவதற்கு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமான தகவு உண்டு. வைகுண்ட ஏகாதசி இரவில் பரமபதம் ஆடிக் கண் விழித்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்! அதேபோல், இப்போதுதான் தாயம் விழுந்தது என்பதால் அடுத்த உருட்டில் விழாது என்பதும் இல்லை. கட்டைக்கு ஞாபகசக்தி கிடையாது.

விளையாட்டில் இந்தப் பிழை நேர்ந்தால் காய் வெட்டுப்படும், அவ்வளவே. ஆற்றங்கரையில் நேர்ந்தால் குடி கெட்டு விடும். பாலமும் அணையும் கட்டும் எஞ்சினீயர்கள் ‘நூறு வருஷத்து வெள்ளம்’ என்று ஒன்றைச் சொல்வார்கள். எந்த ஒரு வருஷத்திலும் அது வருவதற்கு நூற்றில் ஒரு பங்கு தகவு உண்டு என்பதே அதன் கருத்து. ஜனங்களோ, ஒரு தரம் வந்துவிட்டால் இனி 99 வருஷத்துக்குப் பயமில்லை என்று எடுத்துக்கொண்டு, படுகையிலே மனை வாங்கி வீடு கட்டி விடுகிறார்கள். கணக்கைப் பாருங்கள். வருஷங்கள் ஒன்றையொன்று பாதிக்காமல் தனித்தனியே நடப்பதாகக் கொண்டால், 30 வருஷத்தில் ஒரு தரமாவது அத்தகைய வெள்ளம் வருவதற்கு நூற்றில் 26 தகவு உண்டு. எழுபது வயது வாழ்கிற ஒருவர் அதைப் பார்ப்பதற்கு நூற்றில் ஐம்பதுக்கும் சற்று அதிகம்.

தாமிரபரணி 1992-ம் வருஷம் நவம்பரில் பெருக்கெடுத்து ஓடியதை நினைவில் வைத்திருப்பவர்கள் இந்தப் பள்ளத்தாக்கில் பலர். மறுபடி 2023-ம் வருஷம் டிஸம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் கொட்டிய மழையை யார் மறக்க முடியும்? காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் பெய்தது. அந்தப் பக்கத்தில் சாதாரணமாக ஒரு வருஷம் முழுவதும் பெய்யும் மழையைவிட அது அதிகம். திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட எக்ஸ்பிரஸ் ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்று போய், சுமார் 800 பிரயாணிகள் வெள்ளத்தின் நடுவே தவித்தார்கள். இரண்டு வெள்ளத்துக்கும் இடையே 31 வருஷந்தான். ஆற்றுக்கும் ஞாபகசக்தி கிடையாது. அன்றியும், பூமியின் சூடு ஏற ஏறப் பெருமழையின் கடுமை கூடுகிறது என்று விஞ்ஞானிகள் கண்டிருக்கிறார்கள். அப்படியானால் பழைய நூறு வருஷக் கணக்கையே திருத்தி எழுத வேண்டி வரும்.

போர்ட் ராயல் அறிஞர்கள் சொன்னதை இப்போது நினைவுபடுத்திக்கொள்வோம். தீங்கின் பெருமை ஒரு கை. நிகழ்தகவு மறு கை. ஆற்றங்கரை வீட்டுக்காரருக்குத் தகவு சிறியதாயிருக்கலாம். தீங்கோ வீடும் உயிரும். பத்திரங்களையும் நெல் மூட்டையையும் மச்சில் ஏற்றி வைத்து, வயதானவர்களை மேட்டுத் தெருவில் உறவினர் வீட்டில் ஓர் இரவு தங்கச் செய்வதற்கு ஆகும் சிரமம் மிக அற்பம். பத்துத் தடவை வீணாக ஏற்றி இறக்கினாலும் நஷ்டமில்லை. பதினோராவது தடவையில் வட்டியும் முதலுமாகக் கிடைத்து விடும்.

அப்பள வீட்டுக் கணக்கு வேறு மாதிரி. வெயில் அடித்தால் ஒரு நாளில் 300 ரூபாய் லாபம், மழை பிடித்துக்கொண்டு மாவும் வேலையும் கெட்டால் 900 ரூபாய் நஷ்டம் என்று வைத்துக்கொள்வோம். மழையின் தகவு நூற்றில் 20 என்று சொல்லும் நாட்களில் பத்து நாள் துணிந்து இட்டால், எட்டு நாளில் 2,400 லாபம், இரண்டு நாளில் 1,800 நஷ்டம், மிச்சம் 600. தகவு நூற்றில் 30 என்றால், ஏழு நாளில் 2,100 லாபம், மூன்று நாளில் 2,700 நஷ்டம். கைமுதலில் 600 போய்விடும். எல்லைக்கோடு நூற்றில் 25. ஆகவே அந்த வீட்டாருக்கு வேண்டியது ‘வாய்ப்பு உண்டு’ என்ற மொட்டைப் பேச்சு அன்று. நூற்றில் எத்தனை என்று தெரிய வேண்டும். அது தெரிந்தால் உலை வைப்பதுபோல் சுலபமாக முடிவு செய்து விடுவார்கள்.

நூற்றில் 30 என்று சொன்ன நாளில் மழை பெய்யாவிட்டால், சொன்னவர் பொய்யர் ஆகிவிட மாட்டார். அவரைச் சோதிக்கும் வழி வேறு. அப்படிச் சொன்ன நாட்களையெல்லாம் காலண்டரில் குறித்து வையுங்கள். நூறு நாள் சேர்ந்த பிறகு, அவற்றுள் ஏறக்குறைய முப்பது நாள் மழை பெய்திருக்கிறதா என்று பாருங்கள். பெய்திருந்தால் அவர் வார்த்தை நம்பத் தக்கது. இங்கேதான் ஹிந்திச் சொல்லின் எண்ணிக்கையும் தமிழ்ச் சொல்லின் தகுதியும் கைகோத்துக்கொள்கின்றன.

வானிலை அறிவிப்பவர்களிடம் நாம் கேட்டுக்கொள்ளக்கூடியது ஒன்றே. பயிருக்கு மழை வருமானால் வாய்ப்பு என்றே சொல்லட்டும். வெள்ளத்துக்கும் புயலுக்கும் அந்த மங்கலச் சொல்லைச் செலவிட வேண்டாம். ‘தகவு நூற்றில் நாற்பது’ என்று எண்ணோடு சேர்த்துச் சொல்லட்டும். முதல் வாரம் காதுக்குப் புதிதாயிருக்கும். ‘ரயில்’, ‘தபால்’ எல்லாம் ஒரு காலத்தில் புதிதாயிருந்தவைதாமே! ஐப்பசி பிறப்பதற்குள் நம் வீட்டுக் குழந்தைகளிடம் தாயக்கட்டையைக் கொடுத்து, நூறு தரம் உருட்டி, எத்தனை தாயம் விழுந்தது என்று ஒரு காகிதத்தில் எழுதச் சொல்லுவோம். பன்னிரண்டு, பதின்மூன்றுக்குச் சமீபமாக வரும். ஏழு வந்தாலும் பதினெட்டு வந்தாலும் கட்டையைக் கோபிக்க வேண்டாம்; இன்னொரு நூறு தரம் உருட்டச் சொல்லலாம்.